எங்கள் வீட்டுக் கணனி விழிக்க மறுத்தபோது

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டின் ஒரு மூலையிலும் துணி போட்டு மூடிய கணனி ஒன்று இருக்கக் கூடும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், பிள்ளைகளின் படிப்புக்காகக் கைச்சங்கிலியை அடகு வைத்து வாங்கியதாகவும் அது இருக்கலாம். எங்கள் வீட்டில் இருப்பது அதற்கும் முந்தியது. கண்டியில் ஒருவர் பாவித்துக் கழித்ததை 2015இல் வாங்கி, மடியில் வைத்து கலகெதர வரை பஸ்ஸில் கொண்டுவந்தேன். அது பழுதான கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதுபோன்ற கருவிகள் பழுதாகும்போது ஆண்கள் அவசரப்பட்டு முடிவெடுத்து விடுகிறோம். அந்த அவசரத்தைத் தடுத்து நிறுத்தியவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். ஆகவே இதை உங்களிடம் சொல்வதுதான் பொருத்தம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போன அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாணந்துறையிலுள்ள உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் வந்த வினை என்று மின்சக்தி அமைச்சர் கூற, வெளிநாட்டுச் செய்திகளிலெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கலகெதரயில் இருக்கும் எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் வாழைக்குலைக்கும் கொய்யாவுக்கும் கூரை ஓட்டுக்கும் குரங்குகள் நெடுநாளையப் பங்காளிகள்.

அந்த நேரத்தில் நான், மார்ச்சில் நடக்கவிருந்த சாதாரண தரப் பரீட்சைக்காக மாதிரி வினாத்தாள் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திரை அணைந்தது. சேமிக்காத பதினான்கு வினாக்கள் போயின. அது பெரிய நட்டமல்ல. மாலையில் கரண்ட் வந்து கணனியைப் போட்டபோதுதான் நட்டத்தின் அளவு தெரிந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஆங்கிலம் வந்தது. தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்து என்பது மட்டும் விளங்கியது, அழுத்தினேன். விண்டோஸின் சின்னம் தோன்றியது. அடுத்த நொடியே நீலத்திரை. தானாகவே அணைந்தது, தானாகவே எழும்பியது, மறுபடியும் நீலத்திரை. இஷா வரைக்கும் இதே கூத்து. தானே பழுதுபார்க்கிறேன் என்று கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, முடியவில்லை என்று கையை விரித்தது.

திங்களன்று பாடசாலை விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக் கடையொன்றுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி இரண்டு நிமிடம்தான் பார்த்தார். "விண்டோஸ் போயிட்டு ஹஸ்ரத். ஃபோர்மட் பண்ணிப் புதுசாப் போடோணும். உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் போகும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றே சொல்லியிருப்பேன். வினாத்தாள்கள் அச்சில் இருந்தன, மற்றவற்றை மறுபடி தட்டச்சு செய்யலாம் என்பதுதான் என் நினைப்பு. பிந்தி வருவேன் என்று சொல்ல வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் கேட்டாள்: "வாப்பா, அதுக்குள்ள வாப்பும்மாட கொரல் ஈக்கிதே?"

நான் மறந்தே போயிருந்தேன்.

என் நானா 1990களில் சவூதியில் வேலை செய்தார். எங்கள் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து எழுத வராது. குர்ஆனும் அரபுத் தமிழ்க் கிதாபுகளும் ஓதுவார்கள். கடிதத்தை இன்னொருவரிடம் சொல்லி எழுதுவிக்க அவர்களுக்கு வெட்கம். ஆகவே கசட்டில் பேசி அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இதுதான் வழக்கம், உங்களில் பலருக்குத் தெரியும். ஆட்டுக்குட்டி போட்டது, மாமியின் கால் வலி, காசு வந்து சேர்ந்தது, சேராதது எல்லாம் அதில் இருக்கும். பின்னால் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் கேட்கும். நானா திரும்பி வரும்போது அந்தக் கசட்டுகளில் ஏழை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். 2016இல் அவற்றைக் கணனியில் பதிவு செய்தேன். எங்கள் மலைநாட்டு ஈரத்தில் நாடா பூஞ்சணம் பிடித்து ஒட்டத் தொடங்கியிருந்தது, பதிந்து முடித்ததும் அவற்றை எறிந்துவிட்டேன். 2018இல் உம்மா வபாத்தானார்கள். அவர்களுடைய குரல் உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான். அதைத்தான் நான் ஃபோர்மட் செய்யப் போயிருந்தேன்.

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் பாடசாலையின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியையிடம் மறுநாள் விடயத்தைச் சொன்னேன். அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. "மௌலவி சேர், முதல்ல உள்ளுக்கு இருக்கிறதக் காப்பாத்துங்க. திருத்திறது அதுக்குப் பிறகு." கணனி எழும்பவில்லை என்பதற்காக உள்ளே இருப்பவை அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லையாம். வீட்டுத் திறப்பு தொலைந்தால் அலுமாரியில் உள்ள புடவைகள் எரிந்துபோவதில்லை அல்லவா? ஹாட் டிஸ்க் என்பது கழற்றி எடுக்கக்கூடிய ஒரு தனிப் பெட்டி. அதை வெளியில் வைத்து இன்னொரு கணனியோடு இணைக்க ஓர் உறை இருக்கிறது. அதையும் அவரே தந்துதவினார்.

புதன்கிழமை நவம் போயா விடுமுறை. கரண்ட் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு விரற்கடை தூசு, அதற்குள் காய்ந்துபோன பல்லி ஒன்று. ஹாட் டிஸ்க்கை எடுத்து உறையில் மாட்டி மகளின் மடிக்கணனியில் செருகினோம். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கோப்புகள் வரிசையாக வந்தன. "உம்மா கசட்" என்று நானே பெயரிட்ட கோப்புறையும் வந்தது. மகள் அதைப் பிரதி செய்து முடிக்கும் வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இனி உடைந்தாலும் கவலையில்லை என்ற நிலையில் ஹாட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டிக் கணனியைப் போட்டோம். அதே கறுப்புத் திரை, அதே வெள்ளை எழுத்து. எஃப்1ஐ அழுத்தக் கை போனது. பிள்ளைகளின் உம்மா பின்னால் நின்று வாசித்தார். அதே திரையில் இன்னொரு விசையை அழுத்தினால் அமைப்புப் பக்கம் வரும் என்றிருந்தது, அதை அழுத்தச் சொன்னார். அங்கே திகதி 2010 ஜனவரி 1 என்று இருந்தது. "இதென்ன, 2010 எண்டு காட்டுது? சுவர் மணிக்கூட்டுக்கு பட்டரி எறங்கினாப் போல ஈக்கிதே" என்றார்.

அதேதான். கடைக்காரத் தம்பிக்கும் எனக்கும் தெரியாதது, குசினி மணிக்கூட்டுக்கு வருடாவருடம் பட்டரி மாற்றுபவருக்குத் தெரிந்தது.

விளக்கமாகச் சொல்கிறேன். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு வீட்டில் முதலில் எழும்புவது யார்? நீங்கள்தான். இருட்டில் எழும்பி, விளக்கைப் போட்டு, தண்ணீர் வருகிறதா, கேஸ் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் மற்றவர்களை எழுப்புவீர்கள். கணனிக்குள்ளும் அப்படி முதலில் எழும்பும் சிறு நிரல் ஒன்று இருக்கிறது, பயோஸ் என்பார்கள். நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, ஹாட் டிஸ்க் எங்கே என்று பார்த்துவிட்டு அது விண்டோஸை எழுப்பும். எந்த டிஸ்க்கை எந்த முறையில் எழுப்ப வேண்டும் என்ற குறிப்புகளும் நேரமும், எங்களுடையது போன்ற பழைய கணனிகளில், ஒரு சில்லறை நாணயம் போன்ற பட்டரியின் தயவில்தான் காக்கப்படுகின்றன. சீ.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதுதான் அந்த இலக்கத்தின் பொருள்.

கணனியை அணைத்தாலும் வயர் சுவரில் இருக்கும் வரை சிறிதளவு மின்சாரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆகவே பட்டரி செத்தாலும் வெளியே தெரியாது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் எங்கள் கணனி எழும்பியது, பட்டரிக்கு உயிர் இருந்தது. 2025இல் சில மணித்தியால இருட்டிலேயே குறிப்புகள் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த பழைய அமைப்புக்குப் போய்விட்டது.

புதுப் பட்டரி ஒரு பிஸ்கட் பக்கட்டின் விலைதான். போட்டுத் திகதியைச் சரிசெய்தும் நீலத்திரை போகவில்லை. ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்தோம். அமைப்புப் பக்கத்தில் ஹாட் டிஸ்க்கின் முறை என்னவென்று பார்க்கச் சொன்னார். ஐ.டி.ஈ. என்றிருந்தது. எங்கள் விண்டோஸ் போடப்பட்டது ஏ.எச்.சி.ஐ. என்ற முறையில். அதை மாற்றிச் சேமித்தோம். கணனி எழும்பியது. விண்டோஸ் எங்கும் போயிருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். விளக்கே எரியாவிட்டால் சுவர்ச் செருகி, வயர், பெட்டியின் பின்னாலுள்ள சுவிட்ச், இவ்வளவும் பார்த்த பின்தான் கடை. விசிறி சுழன்று படம் வராவிட்டால் திரையின் வயர் கழன்றிருக்கலாம், அல்லது நினைவகப் பலகை ஈரத்தில் மங்கியிருக்கலாம். வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதை எடுத்துப் பொன்னிற ஓரத்தைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்ப அழுத்திப் போட்டால் பல தடவை சரியாகும். டிஸ்க் இல்லை என்று சொன்னால், பிள்ளைகள் பென் டிரைவைச் செருகியபடி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அதிலிருந்து எழும்ப முயன்று தோற்றிருக்கும். டிக் டிக் என்று ஹாட் டிஸ்க்கில் சத்தம் கேட்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதியாமல் அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு முறை போடும்போதும் சேதம் கூடலாம். கரண்ட் வரும் அந்தத் தகரப் பெட்டியை மாத்திரம் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

எதற்கெடுத்தாலும் "வைரஸ், ஃபோர்மட்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1999 ஏப்ரல் 26இல், தாய்வான் மாணவர் ஒருவர் எழுதிய சீ.ஐ.எச். என்ற வைரஸ் உலகெங்கும் கணனிகளின் டிஸ்க்கை அழித்ததோடு, பலவற்றில் நான் சொன்ன அந்த பயோஸையும் அழித்தது. அவை எழும்பவே இல்லை. அப்போது நான் அரபுக் கல்லூரி மாணவன், கணனியைத் தொட்டதும் கிடையாது. ஆனால் 2024 ஜூலை 19 என்ன நடந்தது? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால், மைக்ரோசொஃப்டின் கணக்குப்படி சுமார் 85 இலட்சம் கணனிகள் நீலத்திரையில் நின்றன. விமானங்கள் பறக்கவில்லை. வைரஸும் இல்லை, ஃபோர்மட்டும் தேவைப்படவில்லை. பாதுகாப்பு முறையில் எழுப்பி, ஒரு கோப்பை நீக்கியதும் எழும்பின.

மடிக்கணனி வைத்திருப்போருக்கு இன்னொன்று. புதியவை பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. ஏதும் கோளாறென்றால் 48 இலக்கத் திறப்பொன்றைக் கேட்கும். அது இல்லாவிட்டால் என்னைப் போல் கழற்றி இன்னொன்றில் போட்டும் எடுக்க முடியாது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் இருக்கும். நல்ல நாளிலேயே எடுத்துக் கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். கணக்கின் கடவுச்சொல் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும் என்றால் அதையும் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் கணனி இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் இணையத்தோடு இணைப்பதில்லை. வினாத்தாள் தட்டச்சு செய்யப் போதும். உம்மாவின் ஏழு கசட்டும் இப்போது மகளின் மடிக்கணனியில் ஒன்று, அலுமாரியில் பென் டிரைவில் ஒன்று, அக்குறணையில் மூத்த ராத்தாவிடம் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கின்றன. ராத்தாவின் வீட்டில் கணனி இல்லை. டி.வி.யின் பின்னால் பென் டிரைவைச் செருகிக் கேட்கிறார்களாம். கரண்ட் போய்விட்டது, ரேடியோவின் பட்டரியும் இறங்குது, மிச்சத்தை அடுத்த கசட்டில் சொல்கிறேன் என்று நானாவிடம் உம்மா சொல்லும் இடம் மூன்றாவது கசட்டில் வருகிறது. அந்த அடுத்த கசட் எங்கே என்று ராத்தா கேட்டார்கள். நானா கொண்டுவந்த ஏழில் அது இல்லை.