ஜவ்வாது மலைத் தடங்கள் – 4: காய்ந்த காட்டில் பூக்காலம்

சென்ற பகுதியைக் காவலூர் வானாய்வகத்தின் வாசலில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் போவதாகத்தான் திட்டம். ஆனால் மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டது. மலை பூக்கும் நேரம் இது. தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் திருப்பத்தூருக்கு வந்து, புதூர்நாட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன்.

ஜவ்வாது மலை திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அதில் திருப்பத்தூர்ப் பக்கத்து மலைமேல் இருப்பவை புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்ற மூன்று ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிறு சிறு ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை, பலா, புளி, தேன், சீத்தாப்பழம் என்று இந்த மலையின் பெயரோடு சேர்த்து நாம் சொல்லும் எல்லாவற்றிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

அடிவாரம் வரைக்கும் தென்னையும் வயலும் கூடவே வந்தன. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பச்சை போய்விட்டது. சாலையின் இருபுறமும் மொட்டைக் கிளைகள். கணுக்கால் மூழ்கும் அளவுக்குச் சருகு. மழைக்காலத்தில் புதருக்குள் மறைந்திருந்த பாறைகளெல்லாம் வெளியே தெரிகின்றன. முதன்முறை வருகிறவர், காடு பட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்பார். ஜன்னலோரத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவர், “மழைக்கு அப்புறம் வந்திருக்கணும் சார்” என்று எனக்காக வருத்தப்பட்டார். நான் வந்ததே இதற்காகத்தான் என்று சொன்னேன்.

பனி உருகி, மண் ஈரமாகி, புல் துளிர்த்து வருகிற வசந்தத்தைப் பள்ளிக்கூட ஆங்கிலப் பாடங்களில் படித்தோம். இந்த மலையின் வசந்தத்துக்கு அந்த இலக்கணம் பொருந்தாது. ஆண்டிலேயே நிலம் மிக வறண்டு கிடக்கிற வாரங்களில்தான் இங்கே பெரிய மரங்கள் பூக்கின்றன. அதுவும் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு, வெறும் கிளையில். இலை இல்லாதபோது பூ வெகுதூரத்திலிருந்தே கண்ணில் படும். பறவைக்கும் தேனீக்கும் வழி மறிக்க எதுவும் இருக்காது. இப்போது பூத்தால் காய் முற்றி விதை விழும் சமயத்தில் கோடை மழையோ அதன் பின்னால் வரும் தென்மேற்குப் பருவமழையோ மண்ணை நனைத்திருக்கும். வறட்சியில் பூத்து மழையில் முளைக்கிற இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், மொட்டையாக நிற்கிற காடு ஆண்டிலேயே சுறுசுறுப்பான காடாகத் தெரியத் தொடங்கும்.

புதூர்நாட்டில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டு, ஊரைத் தாண்டிப் போகும் மண்பாதையில் நடந்தேன். முதலில் எதிர்ப்பட்டது புரசு. கோணல்மாணலான மரம், மற்ற மாதங்களில் யாரும் திரும்பிப் பார்க்காத மரம். இப்போது கிளை நுனி வரைக்கும் செங்காவி நிறத்தில் பூ. மொட்டுகளின் காம்புப் பக்கம் கறுப்பாக, வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் மெத்தென்று இருக்கிறது. அந்தக் கறுப்புதான் பூவின் நிறத்தை இன்னும் தூக்கிக் காட்டுகிறது. மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், மலையின் பாதிப் பறவைகளைப் பார்த்துவிடலாம். ஊதாத் தேன்சிட்டு பூவுக்குப் பூ தாவுகிறது. கரிச்சான் கிளை நுனியில் இருந்துகொண்டு, பூவுக்கு வரும் பூச்சியைப் பிடிக்கிறது. இடையிடையே தேனையும் குடிக்கிறது. மைனாக்களின் நெற்றியில் மகரந்தம் அப்பியிருக்கிறது. அணில் பூவையே கடித்துக் கீழே போடுகிறது. தேன்சிட்டின் நுட்பத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் இந்த மரத்துக்கு மைனாவும் கரிச்சானும் செய்கிற வேலை குறைந்ததில்லை என்று அங்கே இருந்து பார்த்தபோது தோன்றியது.

இதே புரசின் இலையைத்தான் முன்பு பந்திக்குத் தையலிலையாகத் தைத்தார்கள். பாலிதீன் பூசிய காகிதத் தட்டு வந்த பிறகு தையலிலைக்கு மதிப்பு போயிற்று. மரம் மட்டும் வெட்டியதும் மறுபடி தழைத்து, வயல் வரப்பிலும் கல்லாங்காட்டிலும் பிடிவாதமாக நிற்கிறது.

பாதை மேலேறி, பாறைச் சரிவை ஒட்டிப் போகும் இடத்தில் கோங்கு. இதைப் பார்க்கத்தான் எனக்கு அதிக ஆசை. மண்ணே இல்லை என்று சொல்லத்தக்க பாறை இடுக்கிலிருந்து எழுந்து, ஒற்றை இலைகூட இல்லாத கிளைகளின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்குப் பொன்மஞ்சள் பூக்களை ஏந்தி நிற்கிறது. சங்கப் புலவர்கள் வேனிலைச் சொல்ல வந்தபோது கோங்கை விடாமல் பாடியதற்கு இந்தக் காட்சியே காரணமாக இருக்க வேண்டும். பூவுக்குள் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதையும் மரம் எளிதில் தராது. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் இருக்கிறது. கறுத்துப் பளபளக்கும் தச்சு வண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை அடிக்காமலே உடம்பை அதிரவிடுகிறது. அப்போது எழும் ரீங்காரம் பறக்கும்போது கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கிறது. அந்த அதிர்வில்தான் மகரந்தம் துளை வழியே உதிர்கிறது. காது கொடுத்துக் கேட்டால், வண்டு கண்ணில் படாமலே அது பறக்கிறதா, பூவில் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

காதால் மலையை அறிவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் மலைபடுகடாம், 583 அடிகளில் ஒரு பயணக் கையேடாகவே அமைந்த நூல். இந்த மலையில் பிறக்கும் சேயாற்றங்கரையும் அதில் வருகிறது. மலையில் எழும் ஓசைகளைப் பெருங்கௌசிகனார் அதில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். அதைப் படித்தவர்கள் இந்தப் பாதைகளில் கைபேசிப் பாட்டோடு நடக்கமாட்டார்கள்.

பங்குனியின் ஓசைகளில் முதலாவது குக்குறுவான். வெயில் ஏற ஏற அதன் கூப்பாடும் ஏறுகிறது. செம்மார்புக் குக்குறுவான் கன்னார் பட்டறையில் செம்பு தட்டுவதுபோல் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கிறது. இப்போது அதற்குக் கூடு குடையும் காலம். பட்டுப்போன கிளையில் வட்டமாக ஒரு பொந்து தெரிந்தால் அது இதனுடைய வேலையாக இருக்கலாம். அடுத்து அக்காக்குயில், ஒவ்வொரு கூவலுக்கும் குரலை உயர்த்தி, உச்சிக்குப் போனதும் சட்டென்று நிறுத்திவிடுகிறது. பாறைகளின் மேல் ஓசையில்லாமல் நடப்பது வேறொன்று. ஆண் பாறை ஓணான் முதுகில் சிவப்பும் பக்கங்களில் கறுப்பும் ஏறி, உயரமான கல்லைப் பிடித்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது. பெண் ஓணான் பாறையின் நிறத்திலேயே இருப்பதால் அது அசையும்வரை கண்ணுக்குப் படவில்லை.

உச்சி வெயிலில் ஒரு புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தேன். புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தின் மேல் இரண்டு பேர் கிளையை மிதித்து ஆட்ட, கீழே பெண்கள் பொறுக்கிக் குவிக்கிறார்கள். குவியலின் அருகே உட்கார்ந்து ஓடு தட்டிக்கொண்டிருந்த மூதாட்டி என் கழுத்தில் தொங்கிய இருநோக்கியைப் பார்த்தார்.

“எதுக்குத் தம்பி சுத்துறீங்க?”

“பூ பாக்க வந்தேன் ஆயா.”

“பூவைப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க? எந்தப் பூவு?”

புரசு, கோங்கு, இலவு என்று நான் பார்த்த வரிசையைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் வரிசையைச் சொன்னார். மாம்பூ முடிஞ்சு பிஞ்சு விட்டாச்சு. பலா மூசு விட்டிருக்கு. வேம்பு இனிமேதான் பூக்கும். புங்கம் துளிர்த்துடுச்சு, அது பூத்தா தேன் ஏறும். சித்திரை மழை ஒண்ணு விழுந்தா உழவு. நான் பார்த்தது நிறத்தின் வரிசை. அவர் சொன்னது வேலையின் வரிசை. இரண்டும் ஒரே மாதத்தைப் பற்றியவைதான். ஆனால் அவருடையதில் அடுத்த மூன்று மாதங்களும் அடங்கியிருந்தன. நம் கள வழிகாட்டி நூல்களில் பூ எப்போது வரும் என்று இருக்கிறது. அது வந்தபின் எந்தக் கூடையை எடுக்க வேண்டும் என்று இருப்பதில்லை. இந்த அறிவை யாராவது உட்கார்ந்து மாதம் மாதமாக எழுதி எடுக்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தேனைப் பற்றிக் கேட்டதும் மரத்தில் இருந்தவர் பதில் சொன்னார். மலைத்தேனீ பாறை முகத்திலும் உயர்ந்த மரக்கிளையிலும் அடை கட்டும். பொந்துத்தேன் பொந்தில் அடுக்கடுக்காக வைக்கும். கொம்புத்தேன் புதரிலேயே கிடைக்கும். கொசுத்தேன் கொஞ்சம்தான், மருந்துக்கு ஆகும். “பூவு நல்லா இருந்தாத்தான் அடை நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டு மறுபடி கிளையை மிதித்தார்.

பொழுது சாயும்போது வேறொரு பாதையில் திரும்பினேன். வழியில் ஒரு சூரைமுள் புதர். அதற்குள் முழங்கால் உயரத்தில் எதிரெதிராக இலை வைத்த மெல்லிய கன்று: சந்தனம். இந்த மலை ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போனது. திருப்பத்தூரில் அரசின் சந்தன மரக் கிடங்கு அமைந்ததும், அதை ஏலம் எடுக்க வியாபாரிகள் வந்து குவிந்ததும் அதனால்தான். பெரிய மரங்கள் கள்ளத்தனமாக வெட்டப்பட்டு மலையிறங்கின. தமிழ்நாட்டில் 2002-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம். விற்பது வனத்துறை வழியாக. அதற்கு முன்பு, நிலத்தில் சந்தனம் முளைத்தால் தொல்லை வரும் என்று கன்றிலேயே பிடுங்கியவர்கள் பல ஊர்களிலும் உண்டு.

அந்தக் கன்றை யாரும் நட்டிருக்க வாய்ப்பில்லை. சந்தனத்தின் கறுத்த சிறு பழத்தைச் சின்னானும் குயிலும் தின்கின்றன. தின்ற பறவை புதர்மேல் வந்து உட்காரும். எச்சத்தோடு விதை விழும். முள்ளுக்குள் ஆடு மாடு வாய் வைக்க முடியாது. அதைவிட முக்கியம், சந்தனம் தனியாக வளரத் திணறும் மரம். தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டவைத்து நீரையும் உப்பையும் பங்கு வாங்கிக்கொள்ளும். ஆகவே புதர் அதற்குக் காவலும் ஆகிறது, சோறும் ஆகிறது. சற்றுத் தள்ளி நின்ற வளர்ந்த மரத்தில் பூ வந்திருந்தது. மிகச் சிறிய பூ. விரியும்போது வைக்கோல் நிறம், பிறகு கருஞ்சிவப்பு. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், மணமே இல்லை. மணமெல்லாம் வைரக்கட்டையில், மண்ணுக்குள் போன வேரில். நான் அன்று பார்த்ததிலேயே எளிமையான பூ அதுதான். எனக்கு அதிகம் மகிழ்ச்சி தந்ததும் அதுவே.

இந்த மகிழ்ச்சியைக் கெடுக்கக்கூடியது தீ. பங்குனியும் சித்திரையும் மலையில் தீக்காலம். முழுக்காடும் சருகு விரித்துக் கிடக்கும்போது அணைக்காமல் போட்ட ஒரு பீடித்துண்டு போதும், சுற்றுலா வந்தவர்கள் கோழி வறுத்துவிட்டு விட்டுச்சென்ற அடுப்பு போதும். புதுப்புல் வரட்டும் என்று வேண்டுமென்றே வைப்பதும் நடக்கிறது. தரைத்தீ பெரிய மரத்தைக் கொல்லாது என்பார்கள், உண்மைதான். ஆனால் சருகின் மேலேயே முட்டையிடும் பக்கிக்குருவிக்கும், புதரடியில் அடைகாக்கும் கவுதாரிக்கும், முழங்கால் உயரச் சந்தனத்துக்கும் அந்தத் தரைத்தீயே முடிவு. எரிந்த இடத்தில் முதலில் எழுவது உண்ணிச்செடி. அலங்காரச் செடியாக வெள்ளைக்காரர் காலத்தில் நாட்டுக்குள் வந்த அது, வேரிலிருந்து மறுபடி தழைத்து, மற்றதை முளைக்கவிடாமல் மூடிக்கொள்கிறது. புதூர்நாட்டுக்கு வருகிற நண்பர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: மே மாதம் முடியும்வரை காட்டுக்குள் எதையும் பற்றவைக்காதீர்கள். சமைத்த சோற்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

இருட்டுவதற்குச் சற்று முன், ஓடையை ஒட்டிய மூங்கில் புதருக்குள்ளிருந்து இரண்டு விசில். ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும் அடிவயிற்றில் சிவப்பும் கொண்ட இந்தப் பறவை குளிர்காலம் முழுக்க இங்கே சருகைக் கிளறிப் புழு தின்றிருந்தது. இன்னும் சில வாரங்களில் இரவோடு இரவாக வடக்கே கிளம்பிவிடும். முட்டையிடுவது மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும். காலையில் இலவ மரத்தில் கூச்சலிட்டுக்கொண்டிருந்த ரோசா மைனாக் கூட்டம் அதைவிடத் தூரம், மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குப் போக வேண்டும். புரசும் இலவும் தரும் தேன் அவற்றுக்கு வழிச்சாப்பாடு. குக்குறுவான் குடியமர்கிற அதே வாரங்களில் இவை மூட்டை கட்டுகின்றன.

இரவு தங்கிய வீட்டுக்காரர் நெல்லிவாசல் பக்கம் பெரிய இலுப்பை மரங்கள் பூத்திருப்பதாகச் சொன்னார். இலுப்பைப் பூ இரவில்தான் உதிரும், வௌவால் வரும். விடிவதற்குள் போனால்தான் தரையில் பூவைப் பார்க்கலாம், வெயில் வந்தால் மானும் மாடும் பொறுக்கிவிடும் என்றார். பூ தின்னக் கரடியும் வரும் என்பதால் தனியாகப் போகவேண்டாம், தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான்கு மணிக்குக் கிளம்புகிறோம். அந்தக் கதை அடுத்த இதழில்.