நன்றி அறிதலும் நன்றி கூறலும்

விழாக்களின் நிகழ்ச்சி நிரலிற் கடைசியாக நிற்பது நன்றியுரை. அது தொடங்கும்போது சபையோரிற் பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பர். தலைவர், பிரதம விருந்தினர், பொருளுதவியோர், ஒலிபெருக்கி தந்தவர் என்று பெயர்கள் விரைந்து செல்லும். கூறவேண்டிய கடமை தீர்ந்துவிடும். எவரேனும் எதையேனும் அறிந்தனரா என்பது வேறு வினா.

அறிதல் என்னும் சொல்லை எண்ணியே இட்டோம். திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல் என்னும் பெயருடையது. அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. பெற்றவர் வாயாற் கூறும் உபசாரச் சொல் அன்று. கொடுத்தவர் செய்தது நன்றி. பெற்றவருக்குரியது அதனை அறிதல். கடிதத்தின் அடியிலே தனித்து நிற்கும் 'நன்றி' பிற்காலத்தில் வந்து அமர்ந்தது.

எமது வாவிக்கரை ஊர்களில் அச்சொல் இன்னும் அடுக்களை வரை வரவில்லை. அயலார் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் மீன்கறி நீட்டினால் வாங்குபவர் நன்றி கூறார். ஆனால் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பவும் மாட்டார். இரண்டு முருங்கைக்காயேனும் அதனோடு செல்லும். பெற்ற தாய்க்கு நன்றி சொல்லிப் பாருங்கள், "நான் என்ன புறத்தியோ மகன்?" என்று அவள் மனம் நோவாள்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது யாம் சிறுவர். விடிந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. தென்னைகள் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடந்தன. மூன்றாம் நாள், முஸ்லிம் ஊரொன்றிலிருந்து முதியவர் ஒருவர் தோணியில் அரிசி கொண்டுவந்தார். எம் தந்தையார் கைகூப்பிப் பெயர் வினவினார். "அதெல்லாம் மறுகாப் பாப்பம் தம்பி, முதல்ல புள்ளையளுக்குச் சோத்தக் குடுங்க" என்று கூறித் தோணியைத் தள்ளிவிட்டார் அவர். அடுத்த அறுவடை முடிந்ததும் எம் தந்தையார் ஊர் ஊராய் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்து ஒரு மூடை நெல்லை இறக்கினார். அவர் சும்மா விடுவாரா? பெருநாளுக்குப் பலகாரம் வந்தது. போரினால் இரு ஊர்களுக்கும் இடையே போக்குவரவு அற்ற ஆண்டுகளிலும் அக்கணக்கு முடியவில்லை. முடிக்க இரு வீட்டாரும் விரும்பவுமில்லை. அன்றே ஒரு நன்றி சொல்லி, அவரும் அதனை ஏற்றுக்கொண்டு போயிருப்பின், அது பற்றுச்சீட்டுப் போலாகிக் கணக்கு அங்கேயே மூடுண்டிருக்கும்.

ஆயினும் எம்மவரின் மௌனம் அனைத்தையும் புகழ யாம் ஒருப்படோம். உறவினரிடத்துச் சொல்லாமை உரிமையால் வருவது. கல்லூரி மணியடித்தவரிடத்தும், வளவு கூட்டிய அம்மையாரிடத்தும் எவரும் ஒன்றும் சொல்லாதது எந்த உரிமையால்? பிரதம விருந்தினருக்குச் சொல் தட்டுவதில்லையே! சொல் மேனோக்கியும் மௌனம் கீழ்நோக்கியும் செல்லுமாயின், அதற்கு வழக்கம் என்று பெயரிட்டுத் தப்புதல் தகாது.

காரைதீவில் 1892இற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகள், தமக்குக் கல்வி புகட்டிய ஊராசிரியர் குஞ்சித்தம்பியவர்களைச் செய்யுளாற் போற்றியவர். அச்செய்யுள் இல்லையேல் ஒரு கிராமத்து ஆசிரியரின் பெயர் இத்துணைக் காலம் நின்றிருக்குமோ? அறிந்ததோடு நில்லாது அவர் கூறவுஞ் செய்தார்.

இம்மலரின் நன்றிப் பட்டியலுக்குப் பெயர் தருமாறு குழுவினர் கேட்டபோது, யாம் சொன்னது எம் காலத்து விடுதிச் சமையற்காரரை. கடைசி பஸ் பிந்தி வரும் மாணவனுக்குச் சோற்றை மூடிவைத்து விழித்திருந்தவர் அவர். குழுவினர் மறுக்கவில்லை, முதலெழுத்து என்னவென்று மட்டும் வினவினர். நண்பர் நால்வரைக் கேட்டோம். 'அண்ணன்' என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய ஊருக்குச் சென்றோம். அவர் காலமாகிவிட்டார், மகள் இருந்தார். வந்த காரியத்தைக் கேட்டதும், தகரப்பெட்டியைத் திறந்து தந்தையாரின் அடையாள அட்டையை எடுத்துவந்து, சேலைத் தலைப்பால் துடைத்து எம் கையில் வைத்தார். பிழை நேராதபடி ஓரோர் எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டோம்.