வேதபாடம் எடுக்கிறவர்களுக்கு ஒரு டீச்சர் எழுதுவது



வீட்டுக் கூட்டங்களில் வேதபாடம் எடுக்கிற இளம் சகோதரிகள் சிலர், "எப்படி டீச்சர் ஆயத்தம் பண்றீங்க? எங்க கூட்டத்துல பாதிப்பேர் தூங்கிடுறாங்க" என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ' என்பது ஆசிரியர் பயிற்சியில் படித்த பாடம். வேதபாடத்தில் சிக்கலே எல்லாருக்கும் கதை தெரியும் என்பதுதான். நல்ல சமாரியன் என்றதுமே "பிறருக்கு உதவணும்" என்று பதில் வந்துவிடும். அதனால் தெரிந்த கதைக்குள்ளேயே தெரியாததைத் தேட வேண்டும்.

லூக்கா 10-ஆம் அதிகாரம், 25 முதல் 37 வரை 13 வசனங்கள். மூன்று தடவை வாசித்துவிட்டு மூன்றே குறிப்பு எழுதுவேன்.

இடம்: எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சுமார் 27 கிலோமீட்டர். ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம், வனாந்தரப் பாதை. சார்ட்டில் ஒரு சரிவுக்கோடு வரைந்தாலே போதும்.

பணம்: சத்திரக்காரனுக்குக் கொடுத்தது இரண்டு பணம். மத்தேயு 20-இல் ஒரு நாள் கூலி ஒரு பணம். "நம்ம ஊர்க் கூலிக்கு இது எவ்வளவு?" என்று கேளுங்கள். எப்போதும் பேசாமல் இருக்கிற, கூலி வேலைக்குப் போகிற சகோதரிதான் முதலில் பதில் சொல்வார்.

கேள்வி: பிறன் யார் என்று நியாயசாஸ்திரி கேட்கிறான். இயேசு நேராகப் பதில் சொல்லாமல் கதையைச் சொல்லி, மூவரில் யார் பிறன் என்று அவனிடமே திருப்பிக் கேட்கிறார். இதைவிட நல்ல ஆசிரியப் பயிற்சி எனக்குத் தெரியாது.

எங்கள் பெண்கள் கூட்டத்தில், "அவன் என்ன பதில் சொன்னான்? வசனத்தைப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். ஒரு பாட்டியம்மா சொன்னார்: "இரக்கம் செஞ்சவன்னுதானே சொல்றான்? சமாரியன்னு சொல்ல வாய் வரலையோ?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சகோதரி மெதுவாக, "நாமளும் சில வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்லையே டீச்சர்" என்றார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அன்றைய ஜெபம் வழக்கமான ஜெபமாக இருக்கவில்லை. சொந்தத் தெருவையும் அடுத்த தெருவையும் பேர் சொல்லி ஜெபித்தார்கள்.

ஆகவே சகோதரிகளே, பத்து விளக்கம் எழுதிக்கொண்டு போகாதீர்கள். வசனத்தைத் திரும்பப் பார்க்க வைக்கிற ஒரு நல்ல கேள்வி போதும். கேட்டபின் அவசரப்பட்டு நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். அந்த மௌனத்தில்தான் அவர்கள் யோசிக்கிறார்கள்.

அடுத்து நீங்கள் எடுக்கப்போகிற பகுதி எது? எழுதுங்கள், சேர்ந்து கேள்வி தேடுவோம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.