வாடுறதுக்கு முன்னாடி

தம்பிக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். ஐசியு கண்ணாடி வழியாப் பார்த்தேன், கையாட்டினான். கண்ணில் மஞ்சள் இறங்கியிருந்தது. மயிலாப்பூரில் கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்தில் எடுத்திருந்த வாடகை அறைக்கு வந்து ஊருக்குப் போன் போட்டேன். "நாத்து பச்சை பிடிச்சிருச்சு, இனி பயமில்லை"ன்னு சொன்னேன்.

ஒரு மணி நேரம் ஆகலை, உடனே வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து போன். ஆட்டோ பிடிச்சு அடையாறு போய்ச் சேர்ந்தேன். டாப்ளர் ஸ்கேனில் கல்லீரலுக்குப் போற தமனியில் ரத்த ஓட்டம் தெரியலை, ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு, மறுபடியும் வயித்தைத் திறக்கணும்னார் டாக்டர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "காலையில கையாட்டினானே சார்? ஆளு நல்லாத்தானே இருக்கான்?" தினமும் ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கிட்டு வந்தப்பவே, பில்லை ஏத்தத்தான்னு முணுமுணுத்தவன் நான்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். கல்லீரலுக்கு ரெண்டு வழியா ரத்தம் வருது. குடல் பக்கமிருந்து வரும் போர்ட்டல் சிரை பெரிய வாய்க்கால் மாதிரி, முக்கால் பங்கு அதில்தான் வரும். மீதி, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தமனியில். வாய்க்கால் ஓடுறவரைக்கும் கல்லீரல் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், ஆளும் தெம்பாத் தெரிவான். ஆனா பித்தநாளத்துக்குத் தமனி ரத்தம்தான் உயிர். நம்ம உடம்பில் சுத்தியிருக்கிற சின்ன நாளங்களும் அதுக்குக் கொஞ்சம் கொடுக்கும்; மாத்தி வச்ச கல்லீரலில் அதெல்லாம் அறுபட்டுப்போயிருக்கும். தமனி அடைச்சா பித்தநாளம் செத்து, சீழ் பிடிச்சு, கடைசியில் வேற கல்லீரல்தான் வைக்கணும்.

வேற கல்லீரலுக்கு எங்கே போவோம்? தம்பி பெண்சாதி தன் கல்லீரலில் வலப்பக்கத்தை வெட்டிக் கொடுத்துட்டு மேல்மாடியில் படுத்திருக்கு. அதுக்குத் திரும்ப வளர்ந்துடும், ஆனா ரெண்டாம் தடவை கொடுக்க முடியாது.

அப்பத்தான் எங்க தென்னைக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் ஞாபகம் வந்தது. அடைச்ச அன்னிக்கு மரத்தில் ஒண்ணும் தெரியாது. மட்டை தொங்கினப்புறம் அடைப்பை எடுத்து என்ன பிரயோசனம்?

கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கினதைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "1998-ல டெல்லி அப்போலோவில நம்ம காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அப்பாவோட கல்லீரல்ல ஒரு பகுதியை வச்சாங்க. 20 மாசக் குழந்தைங்க. அதோட தமனி எவ்வளவு சின்னதா இருந்திருக்கும்! அந்தப் பிள்ளை வளர்ந்து இப்ப டாக்டர்."

மேலே போனேன். "மாமா, அவரு எப்படி இருக்காரு?" "நல்லாருக்கான்மா, தூங்குறான்"னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ராத்திரி உறைந்த ரத்தத்தை எடுத்து, தமனியை மறுபடி சேர்த்துத் தைச்சாங்க. விடியக்காலை ஸ்கேனில் ஓட்டம் கேட்டது, குப் குப்னு. மோட்டார் போட்டதும் குழாயில் தண்ணி ஏறுற சத்தம் மாதிரி.

எல்லாருக்கும் இப்படி அமையறதில்லை. பக்கத்து அறையில் தங்கியிருந்தவங்க அழுதுக்கிட்டே ஊர் திரும்பினதையும் பார்த்தேன்.

தம்பி இப்ப வரப்பில் நடக்கிறான். நான் சொன்னது பொய்னு அன்னிக்கே தெரியும்னு அந்தப் பிள்ளை பிறகு சொல்லுச்சு. செக்கப்புக்குப் போறப்பல்லாம் "டாப்ளர் எடுக்கலையா சார்?"னு முதல்ல கேக்கிறவன் இப்ப நான்தான்.