நாலு மாத்திரை வெட்டிக் கொடுங்க

பாசல் விமான நிலையம் இருப்பது பிரான்ஸ் மண்ணில். வெளியே வர இரண்டு வழி: ஒன்று பிரான்ஸுக்கு, இன்னொன்று சுவிட்சர்லாந்துக்கு. பலகையை மூன்று தடவை படித்துவிட்டுச் சுவிஸ் வாசலில் வெளியேறி, 50-ஆம் எண் பேருந்தில் ஏறினேன். ஊருக்குள் ட்ராமும் இப்படித்தான். 8-ஆம் எண்ணில் கண்ணயர்ந்தால் ஜெர்மனியில் விழிக்கலாம். 3-ஆம் எண்ணில் என்றால் பிரான்ஸில்.

மேலாண்மைப் படிப்பின் நடுவே ஆறு மாத இன்டர்ன்ஷிப். மருந்து தயாரிக்கும் ஒரு பன்னாட்டு நிறுவனம். ஜூலை முதல் திங்கட்கிழமை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏழரைக்கே போய் நின்றேன். வரவேற்பில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியைக் காட்டினார். ஏழரை என்றால் எங்கள் ஊரில் என்ன பொருள் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. பிறகு ஒரு விஷயம் அறிந்தேன். 1798 வரை பாசல் நகரின் கடிகாரங்கள் அக்கம்பக்கத்து ஊர்களைவிட ஒரு மணி நேரம் முந்தியே ஓடினவாம். அந்தக் கணக்கில் நான் சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தேன். இருநூறு வருடம் தாமதம், அவ்வளவுதான்.

என் மேலாளர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கை குலுக்கியதுமே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அம்மா வயதுக்காரரை எப்படிப் பெயர் சொல்வது? 'மேடம்' என்றேன், சிரித்து, வேண்டாம் என்றார். அதனால் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் நாளைக் கடத்தினேன். அவர் நிமிரும்வரை அருகில் போய் நிற்பேன். நிமிராவிட்டால் லேசாக இருமுவேன். மூன்றாம் நாள் என் மேசையில் ஒரு டப்பா தொண்டை மிட்டாய் இருந்தது.

மடிக்கணினிக்கு அனுமதி கிடைக்க நாலு நாள் ஆயிற்று. அதுவரை ஊரைச் சுற்றினேன். பட்டு நாடா நெசவு பாசலின் பழைய தொழில். நாடாவுக்குச் சாயம் வேண்டும். சாயம் செய்யப் போனவர்கள் ரசாயனம் கற்றார்கள். ரசாயனம் கற்றவர்கள் மருந்துக்கு வந்தார்கள். 1896-இல் தொடங்கிய ரோஷ், 1996-இல் சீபா-கைகியும் சாண்டோஸும் சேர்ந்து உருவான நோவார்டிஸ் இரண்டுக்கும் தலைமையகம் இந்தச் சின்ன ஊர்தான். ஈரோட்டுக்காரனுக்குச் சாயப்பட்டறை புதிதல்ல. அது ஆற்றை என்ன செய்யும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன். சாயம் மருந்தாகி வானுயரக் கோபுரம் கட்டும் என்பதுதான் புதிது.

ஐந்தாம் நாள் கேன்டீன் வரிசையில், கரண்டியை நிறுத்திவிட்டு ஒரு குரல் கேட்டது: "தம்பி தமிழோ?"

"ஆமாங்க்கா. ஈரோடு."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஆறு மாசம்."

"நாங்களும் கொஞ்ச நாளுக்கு எண்டுதான் வந்தனாங்கள். இப்ப முப்பது வருசத்துக்கு மேல." சிரித்துக்கொண்டே தட்டை நீட்டி, "என் குவெட்டே" என்றார். சாப்பிடுமுன் இந்த ஊரில் சொல்லிக்கொள்ளும் வார்த்தை.

நான் தனியாக ஒரு மூலைக்குப் போவதை இரண்டு நாள் பார்த்தவர் மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. "அந்தக் கண்ணாடிப் பக்க மேசையில இருக்கிறவைதான் மருந்துப் பெட்டி வேலை பாக்கிறவை. அங்க போய் இருங்கோ. இஞ்ச ஒருத்தரும் வெத்திலை வச்சுக் கூப்பிட மாட்டினம்." நிறுவனத்தின் உள்வலையில் யார் யாருக்குக் கீழே என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அது தட்டு வாரியாகவே தெரிந்திருந்தது.

எனக்குக் கொடுத்த வேலையும் மருந்துப் பெட்டி பற்றியதுதான். சுவிட்சர்லாந்தில் விற்கும் மருந்தோடு நோயாளிக்கான தகவல் தாள் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என மூன்று மொழிகளில் வர வேண்டும். மற்ற நாடுகளுக்கு வேறு மொழி, வேறு விதி, வேறு பெட்டி. இதில் எதைக் குறைக்கலாம், எதை மாற்றலாம் என்று ஆராய வேண்டும். மூன்றாம் வாரம் நாற்பது ஸ்லைடுகளோடு கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள்; யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. முடிகிற நேரத்தில் கண்ணாடிப் பக்க மேசைக்காரர் ஒருவர், "இந்தியாவில் நோயாளி இந்தத் தாளை வீட்டில் எங்கே வைத்திருப்பார்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் சுகர் மாத்திரை வாங்கப் போவது என் வேலை. சம்பளத்துக்கு முந்தைய வாரம் என்றால், "நாலு மாத்திரை வெட்டிக் கொடுங்க" என்பேன். கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று பேனாவால் எழுதித் தருவார். பெட்டியும் தாளும் கடையோடு சரி. காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் யாருக்கு வாய்க்கிறதோ அவருக்கே தேதி.

அறை அமைதியானது. மேலாளர், "மறுபடி சொல். மெதுவாக" என்றார். கத்தரிக்கோல் வந்தது. மேசையில் கிடந்த மாதிரி அட்டையை நாலு நாலாக வெட்டச் சொன்னார். துண்டுகள் கை மாறின. ஆளாளுக்குத் தேதியைத் தேடினார்கள். ஒருவர் கையில் மட்டும் இருந்தது. நாற்பது ஸ்லைடில் ஒன்றில்கூட இதை நான் எழுதவில்லை. எழுதத் தகுந்த விஷயமாகவே தோன்றவில்லை. மருந்துக் கடைக் கத்தரிக்கோலை யார் பயோடேட்டாவில் போடுவார்கள்?

அன்று மாலை எல்லாரும் ரைனில் இறங்கினோம். கோடையில் இந்த ஊர் வேலை முடிந்ததும் ஆற்றில்தான் கிடக்கும். மீன் வடிவப் பை ஒன்று உண்டு. உடுப்பு, செருப்பு, செல்பேசி எல்லாவற்றையும் அதற்குள் போட்டுச் சுருட்டிக் கட்டினால் தண்ணீர் புகாது. அதைப் பிடித்தபடி நீரோட்டத்தோடு மிதந்து போகலாம். டிங்குவெலி அருங்காட்சியகம் அருகே இறங்கினோம். மோட்டார் இல்லாத படகு ஒன்று, ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு, நீரின் வேகத்திலேயே அக்கரை போய்க்கொண்டிருந்தது. காவிரியில் நீந்தப் பழகியவன் என்ற தெம்பில் கரையை விட்டுக் கொஞ்சம் விலகினேன். ரைன் காவிரியைப் போல விசாரித்துவிட்டு இழுப்பதில்லை. பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேலாளர் பத்தடி முன்னால் மிதந்துகொண்டிருந்தார். இருமிப் பயனில்லை.

பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அவர் திரும்பி, என் பையை எட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தொண்டை சரியாகிவிட்டதா?"