கேட்டுச் சொல்லும் தொழில்

பொருளை விற்று வாழ்வோர் உலகிற் பலர். உழைப்பை விற்று வாழ்வோர் அவரினும் பலர். ஆலோசனையை விற்று வாழ்வோரும் உளர் என்றால் நம் மூதாட்டியர் வியப்படைய மாட்டார்கள். சோதிடரையும் கலியாணத் தரகரையும் அவர்கள் அறிவார்கள் அன்றோ? ஆயினும், ஒரு கருவியும் செய்யாமல், ஒரு கருவியும் விற்காமல், எந்தக் கருவி நிலைக்கும், எது நாளை மூலையிற் கிடக்கும் என்று கூறுவதையே தொழிலாகக் கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டும் நிறுவனங்கள் உண்டு என்பது சிந்திக்கத் தக்கது.

அமெரிக்காவில் 1964 ஆம் ஆண்டு பற்றிக் மக்கவர்ன் என்பார் தொடங்கிய ஐ.டி.சி. நிறுவனம் இத்தொழிலின் மூத்த பிள்ளைகளுள் ஒன்று. எங்கே எந்தக் கணினி இருக்கிறது என்று எண்ணிச் சொல்வது அதன் ஆரம்பப் பணிகளுள் முதன்மையானது. 1979 இல் கிடியன் கார்ட்னர் தம் பெயராலேயே ஒரு நிறுவனத்தையும், 1983 இல் ஜோர்ஜ் கொலனி பொரெஸ்டர் என்னும் நிறுவனத்தையும் தோற்றுவித்தனர். இவர்கள் வாங்குவோரைக் கேட்கிறார்கள், விற்போரைக் கேட்கிறார்கள், எண்ணி, ஒப்பிட்டு, அறிக்கையாக்கிச் சந்தாதாரருக்கு விற்கிறார்கள். தொழில் இவ்வளவே.

கார்ட்னர் நிறுவனத்திற் பணிபுரிந்த ஜாக்கி ஃபென் என்னும் பெண்மணி 1995 இல் வரைந்து காட்டிய வளைகோடு ஒன்று உலகப் புகழ் பெற்றது. புதிய கருவி வந்ததும் எதிர்பார்ப்பு மலையுச்சிக்கு ஏறும்; பின்பு ஏமாற்றப் பள்ளத்தில் விழும்; அதன் உண்மைப் பயன் இன்னதென்று விளங்கிய பின்னர் மெல்ல மேலேறிச் சமநிலத்தில் நடக்கும். புதிதாக வீட்டுக்கு வந்த மருமகளைக் குறித்து மாமியார் கொள்ளும் அபிப்பிராயமும் இவ்வழியேதான் செல்லும் என்பது எம் இல்லாளின் கருத்து.

இந்நிறுவனங்களுக்கும் எம் பள்ளிமுனைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். மன்னார்த் தீவிலே, முதிய பெருக்கமரம் நிற்கும் இந்த ஊரில், கடலை நம்பி வாழும் குடும்பங்களே மிகுதி. படகுக்கு இயந்திரம், இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவி, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி, கைத்தொலைபேசி என இங்கும் கருவிகள் வந்து சேர்கின்றன. பல வீடுகளில் கடனோடு வந்து சேர்கின்றன. நல்லது கெட்டது கேட்க வேண்டுமாயின் விற்பவரையே கேட்க வேண்டியிருக்கிறது. பூனையிடம் மீனின் சேமநலம் விசாரிப்பது போன்றது இது.

கல்லூரியிற் கற்பிப்பவர் என்ற ஒரே காரணத்தால் எம்மிடமும் சிலர் கேட்பதுண்டு. அயலிலே வாழும் கடற்றொழிலாளி ஒருவர் மீன் காட்டும் கருவியின் விளம்பரத் தாளோடு வந்தார். முதல் தவணைக்காக மனைவியின் தோட்டை அடைவு வைக்க எண்ணியிருந்தார். தாளில் ஆழ்கடலும் பெருமீன்களும் பளபளத்தன. அவர் தொழில் செய்வதோ ஆழமில்லாக் கடலில், நண்டு வலையோடு.

"எங்கட கடல்ல இதை வைச்சிருக்கிற ஆக்களைக் கேட்டு, எத்தினை பேருக்குப் பிரயோசனம், எத்தினை பேருக்கு நட்டம் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லையோ, சேர்?" என்றார் அவர்.

பெரிய நிறுவனங்களின் அலுவல் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டதாக நமக்குத் தோன்றியது. அக்கருவியை முன்பே வாங்கியிருந்த இருவரைக் கண்டு பேசிவருமாறு அவரை அனுப்பினோம். பேசிவந்த பின் தோடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

கடற்கரையில் கேட்டு எண்ணினால் எவ்வளவு விளங்கும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு சான்று உண்டு. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டக் கரைகளில் 1996 முதல் 2001 வரை, கைத்தொலைபேசி வருமுன்னும் வந்தபின்னும், மத்தி மீன் விலையைத் தொடர்ந்து திரட்டினார் ரொபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலாளர். 1997 ஜனவரி 14 ஆம் நாள் வடகரையில் 11 மீனவர் வாங்குவாரின்றிப் பிடித்த மீனைக் கொட்டிவிட்டனர். அதே வேளை, 15 கிலோமீற்றருக்குள் வேறு கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றனர்! கைத்தொலைபேசி வந்தபின் மீனவரின் இலாபம் 8 வீதம் உயர்ந்தது. உண்போர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்தது. வீணாதல் ஏறக்குறைய ஒழிந்தது. 2007 இல் வெளிவந்த இவ்வாய்வை உலகமே போற்றியது.

கதை அத்துடன் முடியவில்லை. ஜானகி சீனிவாசன், ஜென்னா பரெல் என்னும் இரு ஆய்வாளர் கேரளக் கரைக்குச் சென்று மீனவரோடு பேசி, 2013 இல் தம் முடிவுகளை எழுதினர். விலை எங்கே அதிகம் என்று தெரிந்தாலும் எல்லாப் படகுகளும் அங்கே செல்ல இயலாது. கடன் கொடுத்த தரகரிடமே மீனைக் கொடுக்கும் கட்டுப்பாடு பலருக்கு உண்டு என்று அவர்கள் கண்டனர். முன்னவர் விலையைக் கேட்டார். பின்னவர் கடனையும் கேட்டனர். கேள்வி மாறினால் விடையும் மாறும் என்பதை எம் கரையில் உள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய பணி நடைபெறுகிறது. றொஹான் சமரஜீவ 2004 இல் கொழும்பிலே தோற்றுவித்த லேர்ன்ஏசியா, இலாபம் கருதாத ஆய்வு நிறுவனம். குறைந்த வருவாயினர் தொலைபேசியை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று ஆசிய நாடுகள் பலவற்றில் அது கேட்டறிந்தது. 2012 இல் இந்தோனேசியாவில் அதன் ஆய்வாளர் ஒரு விந்தையைக் கண்டனர். இணையம் பயன்படுத்துவதில்லை என்று கணக்கெடுப்பிற் கூறியோர் பலர் இருக்க, கூடியிருந்து உரையாடியபோது மக்கள் பேஸ்புக்கைப் பற்றி உற்சாகமாகப் பேசினார்களாம்! பேஸ்புக்கும் இணையம் என்பது பலருக்குத் தோன்றவில்லை. பத்திரத்தில் உள்ள சொல்லை மட்டும் வாசித்துக் கோடிட்டுச் செல்வோரின் கணக்கு இப்படித்தான் முடியும்.

இவையெல்லாவற்றினும் எம்மை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. சிலரைத் தெரிந்தெடுத்து வினவ வேண்டுமாயின் முதலில் அனைவரையும் எண்ணிய குடிசன மதிப்பு வேண்டும். இலங்கையில் 1981 இன் பின்னர் நாடு முழுவதையும் எண்ணியது 2012 இலேதான். 1991 இல் எண்ணவேயில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே எண்ணி முடித்தனர். போரின் காரணமாக மன்னார் அவற்றுள் இடம்பெறவில்லை. முப்பத்தோராண்டுக் காலம் முழுமையாக எண்ணப்படாதிருந்த மக்களின் தேவையை எந்த வணிகர், எந்த அரச அலுவலர், எதைக் கொண்டு அளந்திருப்பார்? எண்ணப்படாத ஊருக்கு ஏற்ற கருவி வருவதில்லை. வேறெங்கோ விற்று எஞ்சியதே வரும்.

ஆதலால் ஆய்வறிக்கை என்றதும் கைகூப்ப வேண்டியதுமில்லை, கைவிட வேண்டியதுமில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? வினவப்பட்டவர் யார்? விடை யாரைச் சென்றடைந்தது? பெரிய நிறுவனங்களுக்குக் கருவி செய்வோரும் சந்தாதாரர், வாங்குவோரும் சந்தாதாரர் என்பதால் முதற்கேள்வி இன்றியமையாதது. மூன்றாவது கேள்வி நமக்கே உரியது. வீட்டுவாசலுக்குக் கணக்கெடுக்க வருவோருக்கு உண்மையைச் சொல்லுங்கள், சொன்னபின், "முடிவை எங்களுக்கும் அறிவிப்பீர்களா?" என்று கேளுங்கள்.

அதுவரை வாளாவிருத்தலும் ஆகாது. உயர்வகுப்பு மாணவர் பத்துப் பேர் கொப்பியும் பேனாவும் கொண்டு கரையோரம் சென்று, எந்தக் கருவி யாரிடம் எத்தனை மாதம் உழைத்தது, பழுதானபோது திருத்த ஆள் கிடைத்ததா, கடன் தீர்ந்ததா என்று ஒவ்வொரு படகாகக் கேட்டு எழுதி, கண்ட முடிவைச் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டிவைக்கலாம். ஆயிரக்கணக்கான டொலர் சந்தா கட்டிப் பெறும் அறிக்கையிலும் பள்ளிமுனையின் நண்டு வலைக்கு விடை இராது. அந்தக் கொப்பியில் இருக்கும்.