சிட்லிங் பள்ளத்தாக்கின் வைத்தியக் கைகள்

நவி மும்பையின் ஐரோலியில் நடு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், ஆட்டோ பிடித்து ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விடலாம். 1990-களின் தொடக்கத்தில் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கில் அதே காய்ச்சலுக்கு 48 கிலோமீட்டர் தள்ளியிருந்த அரூருக்குப் போக வேண்டும். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டுமென்றால் 100 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தாக்கில் மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழ்கிறார்கள். அன்று அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 147 ஓராண்டு நிறையுமுன்பே இறந்தன.

1993-இல் இரண்டு டாக்டர்கள் அங்கே குடியேறினார்கள். ரெஜி ஜார்ஜ் மயக்க மருந்து நிபுணர். அவர் மனைவி லலிதா மகப்பேறு மருத்துவர். ஊரார் கட்டிக்கொடுத்த ஓலைக் குடிசைதான் ஆஸ்பத்திரி. 100 வாட் பல்பு வெளிச்சத்தில் பிரசவமும் அறுவை சிகிச்சையும் மூன்று ஆண்டுகள் நடந்தன. இன்று படுக்கைகளும் அறுவை அரங்கும் கொண்ட மருத்துவமனையாக அது வளர்ந்திருக்கிறது. பெயர் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்.

கட்டடத்தைவிட அங்கே வேலை செய்யும் பெண்கள்தான் என்னை அதிகம் ஈர்த்தார்கள். நகரத்து நர்சுகள் மலைக்கு வந்து தங்குவது அரிது. அதனால் பள்ளிப் படிப்போடு நின்றுபோன உள்ளூர்ப் பெண்களையே இந்த டாக்டர்கள் பழக்கினார்கள். பிரசவம் பார்ப்பது, குளுக்கோஸ் ஏற்றுவது, அறுவை அரங்கில் உதவுவது என எல்லாவற்றையும் அவர்கள் வேலையினூடே கற்றார்கள்.

கிராமத்துப் பொது மருத்துவத்தில் கருவிகள் குறைவு. கண்ணும் கையும்தான் அதிகம் வேலை செய்யும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் ரத்தசோகை தெரியும். பாம்புக்கடிக்குக் கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் ஓர் எளிய சோதனை உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியனோ சுருட்டையோ கடித்திருக்கலாம். விஷமுறிவு மருந்தை உடனே தொடங்க வேண்டும். ரத்தம் உறைந்தும் இமை சொருகினால் நாகமோ கட்டுவிரியனோ என்று சந்தேகிக்க வேண்டும். இத்தனைக்கும் தேவை ஒரு குழாய், ஒரு கடிகாரம், பழகிய கண்.

மருத்துவமனைக்கு வெளியே இன்னொரு படை இருக்கிறது. ஊருக்கொருவராகத் தேர்ந்தெடுத்த பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்த்த அக்காமார். கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள், பச்சைக் குழந்தையை எடை போடுகிறார்கள், ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். 147 ஆக இருந்த சிசு மரண விகிதம் 20 அளவுக்கு இறங்கியதில் இவர்களின் நடைக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த வழிக்கு மகாராஷ்டிரத்திலும் முன்னோடிகள் உண்டு. ஜாம்கேடில் ரஜனிகாந்த், மேபல் ஆரோளே தம்பதி 1970-களிலேயே கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பழக்கத் தொடங்கினார்கள். கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி, எழுத்தறிவு குறைந்த ஊர்ப் பெண்களே வீட்டில் வைத்துப் பச்சிளங் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார்கள். அவர்களின் வழியில் பச்சிளங் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததை 1999-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 2005-இல் நாடெங்கும் ஆஷா எனும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வந்ததன் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருந்தன.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பத்து லட்சம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. ஆனால் அரசின் கணக்கில் அவர்கள் தன்னார்வலர்கள். பெரும்பாலும் வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகைதான் வருகிறது. பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் இரவு பகல் பாராமல் ஓடும் இந்தப் பெண்களுக்கு நிலையான மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுத்தாக வேண்டும்.